ஷோகனா, அப்பாச்சியா? ஒரே ஊரில் பிறந்த இரண்டு பைக்குகள்

கார்ப் பிரியர்களிடையே தீராத ஒரு விவாதம் உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிச் சீர்செய்து ஓட்டுவதா, அதே காசுக்கு இன்றைய கூப்பே ஒன்றை வாங்கி அன்றாடம் ஓட்டுவதா? ஓசூர்ப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் பேச்சு குறைவு. இது லாரியும் இருசக்கர வாகனமும் செய்கிற ஊர். ஆனால் அதே கேள்வி இங்கே வேறு உருவத்தில் வரும். கையில் ஒரு லட்சத்துச் சொச்சம் இருக்கிறது, நல்ல கண்டிஷனில் ஒரு பழைய ஷோகன் விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா, இல்லை புது அப்பாச்சியே எடுத்துவிடலாமா என்று சிப்காட் டீக்கடையில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டும் ஒரே ஊர்ச் சரக்கு என்பதுதான் இந்த ஒப்பீட்டின் ருசி. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டோடு ஓசூர்த் தொழிற்சாலை கிளம்பியது. ஜப்பானின் சுசுகியோடு கைகோத்து 1984இல் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 பைக்கை இறக்கியது. அதன் வழியில் தொண்ணூறுகளில் சாமுராய், ஷோகன், ஷாவோலின் என்று வரிசையாக ஜப்பானியப் பெயர்களும் சீனப் பெயரும் தாங்கிய டூ ஸ்ட்ரோக் பைக்குகள் வந்தன. சாமுராய் குடும்பஸ்தருக்கு; ஷோகன் அவருடைய மகனுக்கு. 2001இல் சுசுகியும் டிவிஎஸ்ஸும் பிரிந்தன. அதே ஆண்டு விக்டர், 2006இல் அப்பாச்சி, 2007இல் அப்பாச்சி ஆர்டிஆர் 160, 2018இல் நாலு வால்வு கொண்ட ஆர்டிஆர் 160 4வி என்று சொந்தக் காலில் நடை தொடர்ந்தது. இன்று ஓசூர், பாகலூர், சூளகிரிச் சாலைகளில் ஷிப்டுக்குப் போகிற இளைஞர்களிடம் நீங்கள் அதிகம் பார்ப்பது இந்த அப்பாச்சி வரிசையைத்தான். ஆகவே பழைய பக்கத்துக்கு ஷோகனையும் புதிய பக்கத்துக்கு 160 4வியையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எண்கள். ஷோகனின் இன்ஜின் 110 சிசி வகை. சக்தி 14 பி.எச்.பி. ஆர்டிஆர் 160 4வி 159.7 சிசி, சக்தி 17.55 பி.எஸ்., அதாவது சுமார் 17.3 பி.எச்.பி. சிசி கணக்கில் பார்த்தால் பழையதுதான் கெட்டிக்காரன். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஷோகன் 130 பி.எச்.பி.க்குப் பக்கத்தில் தருகிறது. 4வி 108ஐ ஒட்டி நிற்கிறது. எடையிலும் ஷோகனுக்கே லாபம். அது நூற்றுச் சொச்சம் கிலோ, இது 145 கிலோவை ஒட்டி.

இந்த இடத்தில் ஷோகன் ரசிகர்கள் கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் பைக் தானாக ஓடுவதில்லை, மேலே ஆள் உட்கார வேண்டும். 70 கிலோ ஆளை ஏற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது, 0.08 பி.எச்.பி. அளவில். பின்னால் ஒருவர் ஏறினால் 4வி முந்திவிடும். அப்படியானால் ஷோகனை ஓட்டியவர்கள் எல்லோரும் ‘அந்தப் பிக்கப் எதிலும் வராது’ என்று சொல்வது கற்பனையா? இல்லை. சக்தி எவ்வளவு என்பதில் அவர்கள் சொல்வது சரியில்லை. சக்தி எப்படி வருகிறது என்பதில் சரி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வித்தியாசத்தின் விளக்கம்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை உள்ளே வருவது, அழுத்தப்படுவது, வெடிப்பது, புகை வெளியேறுவது என்று நாலு வேலை. நாலுக்கும் பிஸ்டன் தனித்தனியாக ஒரு முறை ஏறவோ இறங்கவோ வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடி. டூ ஸ்ட்ரோக்கில் இந்த நாலும் இரண்டு ஓட்டத்துக்குள் திணிக்கப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஷோகனில் நொடிக்கு 100 வெடி, அப்பாச்சியில் 50. சின்ன இன்ஜினில் இவ்வளவு சக்தி எப்படி என்ற கேள்விக்கும், அந்தக் கீச்சுக் குரலுக்கும் இதுவே பதில். தெருமுனையில் வரும்போதே வண்டி எது என்று சொல்லிவிடும் குரல் அது.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள். பிஸ்டனே ஏறி இறங்கி அவற்றைத் திறந்து மூடும். புதுக் கலவை உள்ளே வரும்போதே பழைய புகை வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக ஓடிவிடும். இதைத் தடுக்கத்தான் டூ ஸ்ட்ரோக் சைலன்சர் நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருக்கிறது. புகையின் அழுத்த அலை அந்தப் பருத்த வயிறு மெலியும் கடைசிப் பக்கத்தில் மோதித் திரும்பி வந்து, தப்பியோடும் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். ஆனால் அந்த அலை சரியான நேரத்தில் திரும்புவது ஒரு குறிப்பிட்ட வேக வரம்பில் மட்டும்தான். அதற்குக் கீழே இன்ஜின் சோம்பலாக இழுக்கும். வரம்பைத் தொட்டதும் யாரோ பின்னாலிருந்து உந்தியதுபோல் வண்டி பாயும். ‘பவர் பேண்ட்’ என்று பைக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஷோகனின் வேகம் பாதி இந்தத் திடீர்ப் பாய்ச்சலில் கிடைக்கும் உணர்வு. 4வியோ கீழிருந்து மேல்வரை ஒரே சீராக இழுக்கிறது. மனம் அதை வேகமாகப் பதிவுசெய்வதில்லை, ஸ்பீடோமீட்டர்தான் சொல்ல வேண்டும்.

கார் உலகத்திலும் இதே கதைதான். 1964இல் வந்த முதல் போர்ஷே 911இன் சக்தி 130. இன்று இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் டர்போ மாடல் 160. பள்ளிக்குப் பிள்ளைகளை இறக்கிவிடப் போகும் கார் அது. இருந்தும் யாரும் கிரெட்டாவை போர்ஷே என்று நினைத்து ஓட்டுவதில்லை.

எரியாமல் ஓடிப்போகிற அந்தப் பெட்ரோல்தான் கடைசியில் ஷோகன் இனத்துக்கே எமனாயிற்று. 1996 விதிப்படி இருசக்கர வாகனம் ஒரு கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து 3.6 கிராம் வரை விடலாம். 2000இல் அது 2.0 கிராம், 2005இல் 1.5 கிராம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதியில் ஹைட்ரோகார்பன் மட்டும் 0.1 கிராம். டூ ஸ்ட்ரோக் பைக்கால் இந்தப் படிகளில் முதல் இரண்டைத் தாண்டுவதே பெரும்பாடு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1996 டிசம்பரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்தி வந்த ஷோகனை, இந்தியாவின் முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பைக் என்று டிவிஎஸ் தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. புகைக்கும் சத்தத்துக்கும் பேர்போன வண்டி, காகிதத்தில் சுற்றுச்சூழல் முன்னோடி! இன்று விற்பனைக்கு வரும் ஷோகன்களில் அந்த அசல் சைலன்சர் எத்தனையில் மிச்சமிருக்கிறது என்பது வேறு விஷயம். பெரும்பாலானவற்றில் சத்தத்துக்காக எப்போதோ மாற்றியிருப்பார்கள்.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திராவுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, காலையில் வண்டிகள் ஊர்ந்துபோகும் பாதை. டிசம்பர் மாதத்து ஓசூர்க் குளிரில் ஷோகனைச் சோக் இழுத்து, உதைத்து, இரண்டு நிமிடம் உறும விட்டுத்தான் நகர்த்த முடியும். நெரிசலில் பவர் பேண்டுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் பிளக்கில் கரி படியும், வண்டி இருமும். 4வியில் பட்டன் அழுத்தினால் போதும், கம்ப்யூட்டரே கலவையைப் பார்த்துக்கொள்ளும். ஜி.டி.டி. என்று டிவிஎஸ் பெயர் வைத்த ஒரு வசதியும் உண்டு. முதல் கியரில் கிளட்சை விட்டால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி மெதுவாக நகரும். விளம்பரத்தில் படிக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். அத்திப்பள்ளி நெரிசலில் மணிக்கட்டு வலித்தவருக்குக் கேட்கத் தேவையில்லை.

பிரேக்கில் இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி. ஷோகன் டிரம் பிரேக் காலத்து வண்டி. சுத்தமாகச் சர்வீஸ் செய்த டிரம் மோசமில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். தண்ணீர் புகுந்தால் சிறிது தூரம் பிடிக்கவே பிடிக்காது. 4வியில் முன்னால் டிஸ்க், ஏ.பி.எஸ். 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர வாகனங்கள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். லாரிகளுக்கு நடுவே நாய் குறுக்கே பாயும்போது பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்ட விடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நேராக நிற்கும். ஷோகனில் அந்த வேலையை உங்கள் விரல்கள் செய்ய வேண்டும், அதுவும் பயத்தில். அன்றாடத்துக்கு ஷோகன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் புகையோ மைலேஜோ இல்லை, இதுதான்.

இரண்டாவது காரணம் கிருஷ்ணகிரி இறக்கம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள், அதிலும் பெரும்பங்கு சூளகிரிக்கும் மேலுமலைக்கும் அப்பால், இந்த உயரத்தை இறங்கியாக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு, எல்லா பாரமும் பிரேக்கின் மேல் விழும். இன்னொன்றும் உண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் பிஸ்டனுக்கு உயவு கொடுப்பது பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய் எரிகிற டூ டி ஆயில். ஆக்சிலரேட்டரை முழுதும் மூடிவிட்டு வேகமாக இறங்கினால் பிஸ்டன் பறந்துகொண்டிருக்கும், ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் போகும். இறக்கத்தின் நடுவில் இன்ஜின் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ள இது போதும். பழைய கைகள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகி விடுவார்கள், ஒரு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கும். பழக்கதோஷம் என்று நினைக்காதீர்கள், அது காரணத்தோடு செய்வது.

உயரம் கார்புரேட்டரையும் தொடும். நூறு மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும். கிருஷ்ணகிரியில் கச்சிதமாக டியூன் செய்த கார்புரேட்டர் ஓசூரில் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும். இந்த நாலு சதவீதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே வண்டியில் ஊட்டிக்குப் போனால் நன்றாகவே தெரியும். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் காற்றை அளந்து தானே சரிசெய்துகொள்கிறது.

இவ்வளவு சொன்னபின் ஷோகனுக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய மிச்சம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் தளி ரோட்டிலோ, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வளைவுகளிலோ நூற்றுச் சொச்சம் கிலோ வண்டி தருகிற சுகத்தை 145 கிலோ வண்டியால் தர முடியாது. இடுப்பை அசைத்தாலே திரும்பும். எந்தக் கியரில் எந்த வளைவுக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது பவர் பேண்ட் கிடைக்கும் என்று ஓட்டுபவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சரியாக யோசித்தால் வண்டி பரிசு தரும், தப்பினால் தூங்கும். 4வி எந்தக் கியரில் நுழைந்தாலும் மன்னித்துவிடுகிறது. ஓட்டத் தெரிந்தவருக்கு அந்த மன்னிப்பு கொஞ்சம் சலிப்புதான். அந்தக் காட்டுப் பக்கம் போகும்போது ஒரு வேண்டுகோள்: ராகி அறுப்புக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளுக்கு வந்துபோகும். அங்கே டூ ஸ்ட்ரோக்கை முறுக்கிக் காட்ட வேண்டாம்.

ரிப்பேர் விஷயத்தில் ஓசூர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஷோகன் இன்ஜினில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கினால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். லேத்தும் போரிங் மெஷினும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் இது பெரிய காரியமில்லை. சிரமம் சாமான் கிடைப்பதில்தான். பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னைப் புதுப்பேட்டை என்று அலைய வேண்டும். கிடைப்பது அசலா, அசல் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் போலியா என்று பார்க்கக் கண் வேண்டும். மீட்டர், ஸ்விட்ச், சைடு பேனல், டேங்க் ஸ்டிக்கர் போன்ற அலங்காரச் சாமான்கள்தான் இன்ஜின் சாமானைவிடத் தட்டுப்பாடு. ஆகவே பழைய ஷோகன் பார்க்கும்போது இன்ஜின் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை, உடம்பு முழுசாக இருக்கிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். 4விக்கு சாமான் ஷோரூமிலேயே கிடைக்கும். ஆனால் சென்சார் ஒன்று மக்கர் செய்தால் மரத்தடி மெக்கானிக்கால் ஒன்றும் ஆகாது, லேப்டாப் வைத்துப் பார்க்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பெட்ரோலும் பழைய வண்டிக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த இருசக்கர வாகனங்களில் இதனால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணக்கிட்டது. மைலேஜ் போனால் போகட்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் ஊறி நைந்துபோகும். அதோடு கலவையில் பெட்ரோலின் பங்கு மெலிவதால் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். பெரிய ஜெட் போடுவது, எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்றுவது, வண்டியை நிறுத்திவைக்கும் முன் கார்புரேட்டரை வடித்துவிடுவது ஆகியவற்றை வாங்கிய வாரமே செய்துவிட வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் இந்தப் பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடுதான் வருகின்றன. புது வண்டிக்கு இன்னொரு சாதகமும் சேர்ந்தது. 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது.

ஆக, வீட்டில் ஒரே ஒரு பைக் என்றால் 4வி. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமில்லை. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நிழலான இடம் இருக்கிறது, தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்றால் ஷோகனைப் பாருங்கள். வாங்கும் விலையில் பாதியையாவது முதல் ஆண்டுச் செலவுக்குத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு பாருங்கள்.

இனி காகிதம். எல்லையோர ஊரில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இன்று இருக்கிற ஷோகன் எதுவானாலும் இருபது வயதைத் தாண்டியதாகத்தான் இருக்கும். அந்த வயது இருசக்கர வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2,000 ரூபாயாக்கியது. மாநிலத்தின் பசுமை வரி தனி. டெல்லியில் 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டியை ஓட்ட முடியாது என்ற செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று சிலர் பயப்படுகிறார்கள்; அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு, தமிழ்நாட்டில் இல்லை. விண்டேஜ் சலுகை கேட்கலாமே என்று நினைத்தால் அதற்கும் வழியில்லை. 2021இல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்து போட்ட தனி நம்பர் பிளேட் 50 வயது கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும். ஷோகனுக்கு அந்த வயது வர 2040கள் ஆகும். அந்த வி.ஏ. வண்டியையும் அன்றாடம் ஓட்டக் கூடாது.

அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கமிருந்து விலை மலிவாகக் கே.ஏ. நம்பர் வண்டி வந்தால், அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேயே பதிவு மாற்ற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவு. அதற்குக் கர்நாடக ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அந்தச் சான்று வாங்கப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும், பழைய கடன் ஏதும் ஆர்.சி.யில் நிற்கக் கூடாது. கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் முதல் உரிமையாளர் பெயரிலேயே ஆர்.சி. நின்றுபோயிருப்பது சகஜம். அவரைத் தேடிப் பிடிப்பது பிஸ்டன் தேடுவதைவிடக் கடினம். பதிவு காலாவதியாகி ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தால் தாமதக் கட்டணமும் சேரும்.

அதனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பதிவு நிலையைப் பாருங்கள். பிறகு ஹேண்டில் கழுத்தருகே அடித்திருக்கும் சேசிஸ் எண்ணையும், இன்ஜின் மேல் உள்ள எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஷோகன் சேசிஸில் சாமுராய் இன்ஜின் உட்கார்ந்திருக்கிற வண்டிகளும் சந்தையில் உண்டு. மூன்றும் பொருந்தினால் மட்டும் கிக்கரை உதைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். கேட்டபின் யாருக்கும் மேற்கொண்டு சரிபார்க்கத் தோன்றாது, அதனால்தான் இந்த வரிசை.